எந்த ஜீப்பும் கவிழவில்லை

மகனே அமலு,

நலம் விசாரிக்கிற கடிதம் இல்லை இது. உன் மகளின் இடுப்பைப் பற்றி எழுதுகிறேன். நாலு நாளாகக் கூப்பிடுகிறேன், போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். தப்பித் தவறி எடுத்தாலும் "ஆபீஸ்ல இருக்கேம்மா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். ஞாயிற்றுக்கிழமை பூசை நேரத்தில்கூடவா உனக்கு ஆபீஸ்? என்னைப் பேச விடாமல் பண்ணலாம், எழுத விடாமல் பண்ண முடியாது. அதனால் கிளை அஞ்சலகத்துக் கணக்கையெல்லாம் மதியமே முடித்துவிட்டு, அதே மேசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நிதானமாகத்தான் எழுதுவேன், ஆனால் கோபம் குறைந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே.

நடந்ததை முதலில் எழுதிவிடுகிறேன். இல்லையென்றால் பிறகு நீ மாற்றிச் சொல்வாய். போன வியாழக்கிழமை மதுரையில் என் இடுப்பைக் காட்டிவிட்டுத் திரும்பும்போது, அல்லிநகரத்தில் உன் வீட்டில் இறங்கினேன். ஆபரேஷனில் இடுப்பு மூட்டு மாற்றினவள் தாழ உட்காரக் கூடாது என்பது உனக்குத் தெரியும். சோபாவை உயர்த்த இரண்டு தலையணை எடுக்கலாம் என்று உன் பீரோவைத் திறந்தேன். தலையணைகளுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் பிரிக்காத அட்டைப்பெட்டி, பெட்டிக்குள் ஒரு சின்ன பெல்ட். தோளுக்கு இரண்டு வார், காலுக்கு இரண்டு வார். கூடவே ஸ்கேன் ரிப்போர்ட்டும் டாக்டர் சீட்டும் இருந்தன. இடது இடுப்பு மூட்டு குழியில் சரியாக உட்காரவில்லை, இரவும் பகலும் பெல்ட் போட வேண்டும், ஒரு வாரத்தில் திரும்பக் காட்ட வேண்டும் என்று எழுதியிருந்தது. சீட்டில் போட்டிருந்த தேதிக்கு மூன்று வாரம் ஆகியிருந்தது. அதைப் படித்துப் புரிந்துகொள்ள எனக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. நான் பிறந்தபோது என் வலது இடுப்பில் இருந்ததும் இதேதான்.

சாயங்காலம் நீ வந்ததும் மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய்க் கேட்டேன். "சத்தம் போடாதம்மா, ரோஸ்லினுக்குக் கேட்டுரும்" என்றாய். "கேக்கட்டும்லே! பெத்தவளுக்குத் தெரியாம என்னலே ஒளிவுமறைவு?" என்றேன். ஸ்கேன் ரிப்போர்ட்டை வாங்க நீ மட்டும் போனாயாம், எல்லாம் சரியாக இருக்கிறது என்று அவளிடம் சொல்லிவிட்டாயாம். டாக்டர் தானே மாட்டிவிடுவதாகச் சொல்லிப் பிள்ளையைக் கூட்டிவரச் சொன்னாராம், நீ பெல்ட்டை வாங்கியதோடு நிறுத்திக்கொண்டாயாம். சொல்லும்போது உன் முகத்தில் ஈ ஆடவில்லை. "வைத்தியம் பண்ண மாட்டேன்னா சொன்னேன்? அடுத்த மாசம் ஞானஸ்நானம் முடியட்டும். ஓடைப்பட்டியில இருந்து மாமனார் வீட்டாளுக அம்புட்டுப் பேரும் வேன் பிடிச்சு வருவாக. வெள்ளைக் கவுனுக்குள்ள கால விரிச்சுக்கிட்டு பெல்ட்டோட பிள்ளை இருந்தா என்ன ஏதுன்னு கேக்க மாட்டாகளா? பிறவின்னு தெரிஞ்சா அப்புறம் உன் ஜீப்பு என்னாகுறது?" என்றாய்.

உன் ஜீப்பு! அந்த ஒரு வார்த்தையில் என் வாயை அடைத்துவிட்டாய். அந்த நேரம் பார்த்து ரோஸ்லின் காபியோடு மேலே வந்தாள். "என்ன அத்தை, அம்மாவும் மகனும் இங்கன ரகசியம் பேசுறீக?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஒண்ணுமில்ல ஆத்தா, தண்ணித் தொட்டி நிறைஞ்சிருச்சான்னு பாக்க வந்தோம்" என்றேன். அவள் தோளில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. மூட்டு விலகினதற்கு அடையாளமாக அதன் இடது கால் தொடையில் மடிப்பு ஒன்று கூடுதலாக இருந்ததைப் பார்த்துக்கொண்டேதான் அந்தப் பொய்யைச் சொன்னேன். பிறகு ஒன்றும் நடக்காத மாதிரி பஸ் ஏறி ஊருக்கு வந்துவிட்டேன். உன்னைத் திட்டுவதற்கு முன்னால் என்னைத் திட்ட வேண்டும், அதையும் இந்தக் கடிதத்திலேயே செய்கிறேன்.

ஜீப்பை நீ உண்டாக்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். உண்டாக்கினவர் என் அப்பா. என்னைப் பெண் பார்க்க உன் அப்பா வீட்டார் வந்த அன்றைக்கு, அவர்கள் வருவதற்கு முன்பே என்னைப் பட்டுச்சேலை கட்டி நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். காபியைக்கூட என் தங்கைதான் கொண்டுபோய்க் கொடுத்தாள். உன் அப்பாவின் அத்தை ஒருத்தி லேசுப்பட்டவள் இல்லை. "பொண்ணு ஒரு சொம்புத் தண்ணி கொண்டாரட்டுமே" என்றாள். எழுந்து நடந்தேன். நாலே எட்டுத்தான், என் கோணல் நடை எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. என் அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "போன வருசம் ஏலத்தோட்டத்துக்குப் போற ஜீப்பு கம்பமெட்டு வளைவுல கவுந்துருச்சுல்ல, அதுல இவளும் இருந்தா. எலும்பு ஒட்டிருச்சு, நடைதான் இப்பிடி" என்றார். "பிறவி இல்லையே?" என்று கேட்டாள் அந்த அத்தை. "அய்யய்யோ, அதெல்லாம் இல்லைங்க" என்றார். நம் பக்கத்தில் விடியற்காலையில் ஆட்களை அடைத்துக்கொண்டு மலையேறுகிற ஜீப்பைப் பார்க்காதவர் யார்? எந்த ஜீப், எந்த மாதம் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அடிபட்ட கால் என்றால் பாவப்படுவார்கள், பிறவிக் கால் என்றால் பரம்பரைக்கே ஆகாது என்று எழுந்து போய்விடுவார்கள். இதுதான் அன்றைக்கு இருந்த சட்டம், இன்றைக்கும் உன் மண்டைக்குள் இருக்கிற சட்டம்.

உன் அப்பாவுக்கு முதல் மாதமே சந்தேகம் வந்துவிட்டது. "ஜீப்புல நீ எந்தப் பக்கம் உக்காந்திருந்த?" என்று கேட்டார். நான் திருதிருவென்று முழித்தேன். அவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "சரி விடு, கவுந்த ஜீப்பு கவுந்ததாவே இருக்கட்டும்" என்றார். அந்த மனுசனின் நல்ல மனசை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு அவர் சிரித்து விட்டுவிட்டதால் அந்த ஜீப் நம் வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டது. உனக்கும் சின்ன வயதில் அதே கதையைத்தான் சொல்லி வளர்த்தோம்.

உண்மையைக் கேள். எனக்கு நடை வரவே ஒன்றரை வயது தாண்டிவிட்டதாம். வந்த நடையும் ஒரு பக்கமாகச் சாய்ந்த நடை. எங்கள் ஊர் மிஷன் டிஸ்பென்சரியில் இருந்த கன்னியாஸ்திரி நர்ஸ் அதைப் பார்த்துவிட்டு, "மூட்டு விலகியிருக்கு, மதுரைக்குக் கொண்டுபோங்க, சின்னதுலயே சரிபண்ணிரலாம்" என்று என் அம்மாவிடம் மூன்று முறை சொல்லியிருக்கிறார். என் அப்பா என்ன சொன்னார் தெரியுமா? "பொம்பளப் பிள்ளைக்கு மாவுக்கட்டுப் போட்டு ஊரெல்லாம் பாக்கவா? நாளைக்கு ஒரு இடத்துல குடுக்க வேணாமா?" என்றாராம். எண்ணெய் போட்டு உருவிவிட்டார்கள், மாதாவுக்கு நேர்ந்துகொண்டார்கள், மதுரைக்கு மட்டும் கொண்டுபோகவில்லை. நீ மொட்டை மாடியில் பேசினபோது எனக்கு என் அப்பாவின் குரல் அப்படியே கேட்டது. அவருக்காவது எழுதப் படிக்கத் தெரியாது. உனக்கு என்னலே கேடு? படித்தவன், கையில் ஸ்கேன் ரிப்போர்ட் வைத்திருக்கிறவன்.

அந்த இடுப்போடு ஐம்பத்திரண்டு வயது வரைக்கும் ஓட்டினேன். வாலிபத்தில் நடைதான் கோணல், வலி கிடையாது. முப்பத்தைந்துக்கு மேல் தொடைக்கவட்டில் வலி ஆரம்பித்தது. அப்புறம் முட்டி வரைக்கும் இறங்கியது. அஞ்சலகத்தில் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற வேலை என்பதால் பாதி ஊருக்கு என் நடை தெரியாது. தெரியக் கூடாது என்று எல்லோரும் போன பிறகுதான் எழுந்து வீட்டுக்குப் போவேன். காலுக்குச் செருப்பு மாட்டக் குனிய முடியாது. கோவிலில் எல்லோரும் முழந்தாளிடும்போது நான் மட்டும் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். உன்னை நான் தூக்கிக்கொண்டு நடந்ததே இல்லை, உனக்கு ஞாபகம் இருக்காது. உட்கார்ந்த இடத்திலேயே மடியில் வைத்துக்கொள்வேன். இரண்டு வயதில் நீ வாசலுக்கு ஓடினால் பின்னால் ஓடிப் பிடிக்க முடியாமல், பக்கத்து வீட்டுக்காரியைக் கத்திக் கூப்பிடுவேன்.

ஒன்று மட்டும் உனக்கு ஞாபகம் இருக்கும். நீ ஆறாம் வகுப்புப் படித்தபோது, பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு முந்தின நாள், "அம்மா, நீ கேட்டுக்குள்ள வராத, வெளிய பஸ் ஸ்டாப்ல உக்காந்திரு, நானே வர்றேன்" என்றாய். ஏன் என்று நான் கேட்கவில்லை. நீ பரிசு வாங்கின கைதட்டலை ரோட்டுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டேன். அன்றைக்கே உன் கன்னத்தில் பளாரென்று ஒன்று விட்டு, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கேட்டுக்குள் நடந்திருக்க வேண்டும். பிள்ளை பாவம், கூச்சப்படுகிறான் என்று விட்டுவிட்டேன். உன்னை வளர்த்ததில் நான் செய்த பெரிய தப்பு அதுதான். என் நடையைப் பார்த்து வெட்கப்படலாம் என்று உனக்கு அனுமதி கொடுத்தவள் நான். இன்றைக்கு அதே வெட்கத்தை எடுத்துக்கொண்டுபோய்ப் பச்சைப்பிள்ளை மேல் போடுகிறாய்.

ஆபரேஷனுக்கு நீதான் கூட இருந்தாய், நன்றாகவே பார்த்துக்கொண்டாய், இல்லை என்று சொல்லவில்லை. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து டாக்டர் சொன்னதை நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் கேட்டோம். "பந்து உக்கார வேண்டிய குழி ஆழமே இல்ல பாருங்க, தட்டு மாதிரி இருக்கு. பிறவியிலேயே இப்பிடி. தேய்ஞ்சு தேய்ஞ்சு இப்ப எலும்பும் எலும்பும் உரசுது. கைப்பிள்ளையிலேயே பாத்திருந்தா ஒரு பெல்ட்டோட போயிருக்கும்" என்றார். உன்னைப் பார்த்து, "தம்பி, உங்க வீட்டுல பிள்ளை பொறந்தா இடுப்பைப் பாக்கச் சொல்லுங்க, பொம்பளப் பிள்ளைன்னா கண்டிப்பா பாக்கணும்" என்றார். நீ தலையாட்டினாய். போனில்கூட எழுதி வைத்துக்கொண்டாய். அந்தப் போனை எங்கே போட்டாய்?

ஆபரேஷன் முடிந்த மறுநாள் வாக்கரைப் பிடித்து நின்றபோது இரண்டு பாதமும் ஒன்றாகத் தரையில் படிந்தன. என் ஆயுசில் அதுதான் முதல் தடவை. சந்தோசத்தில் அழுதேன் என்று எல்லோரிடமும் சொன்னாய். ஆத்திரத்தில் அழுதேன்டா. இவ்வளவுதானா, இதற்காகவா ஐம்பது வருடம் சாய்ந்து சாய்ந்து நடந்தோம் என்கிற ஆத்திரம். இந்த உலோக மூட்டும் சாகிறவரைக்கும் வரும் என்று யாரும் உறுதி சொல்லவில்லை. தேய்ந்தால் திரும்ப அறுக்க வேண்டும். வெட்டி, எலும்பைச் செதுக்கி, மாதக்கணக்கில் தலையணையைக் காலிடுக்கில் வைத்து மல்லாக்கப் படுத்து நான் வாங்கின நடையை, உன் மகள் சில மாதம் பெல்ட் போட்டு வாங்கிவிடலாம். அவளுக்கு வலிக்கக்கூட வலிக்காது.

இவ்வளவு தெரிந்த நானே ஓடைப்பட்டியில் என்ன செய்தேன்? உனக்குப் பெண் பேசப் போனபோது ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம், கையில் தடி இருந்தது. திராட்சைப் பந்தலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, ரோஸ்லினின் அம்மா வாஞ்சையாகத்தான் கேட்டார்கள், "மதினிக்குக் காலு என்னாச்சு?" என்று. நீ என்னைப் பார்த்தாய். நான் வாயைத் திறந்தேன், ஜீப் வந்துவிட்டது. என் அப்பா விட்டதைவிட நான் பெரிதாகவே விட்டேன். மழை என்றேன், வளைவு என்றேன், டிரைவர் குடித்திருந்தான் என்றேன். "அந்தப் பாவிப்பய நல்லாருப்பானா? உங்கள இந்தக் கோலமாக்கிட்டானே" என்று மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இல்லாத ஒரு டிரைவர் அன்றைக்கு வாங்கிக் கட்டிக்கொண்டான். நான் அந்த அனுதாபத்தை வாங்கிக்கொண்டு இரண்டு குலை திராட்சையும் தின்றுவிட்டு வந்தேன்.

அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. ரோஸ்லினுக்குப் பிள்ளை பிறந்ததும் ஓடைப்பட்டிக்குப் போய்க் கையில் வாங்கினேன். பொம்பளப் பிள்ளை. இடுப்பைப் பார்க்கச் சொல்லுங்கள் என்கிற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஏன் என்று கேட்பார்களே! அந்த வீட்டில் என் இடுப்பு ஜீப்பில் உடைந்த இடுப்பு அல்லவா? முழுங்கிவிட்டேன். தடுப்பூசி போடப்போன இடத்தில் டாக்டர் தானாகக் காலை விரித்துப் பார்த்துச் சந்தேகப்பட்டு ஸ்கேன் எடுக்கச் சொல்கிற வரைக்கும் பத்து வாரம் வீணாகப் போனது, அது என்னால். அதற்குப் பிறகு போன மூன்று வாரம் உன்னால். மாதா மாதம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறவள், சாமியாரிடம் ஒரு தடவைகூட இந்த ஜீப்பைச் சொன்னதில்லை. அதைப் பாவம் என்றே நான் நினைக்கவில்லை, குடும்ப கௌரவம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். த்தூ!

ஞானஸ்நானம் முடியட்டும் என்கிறாய். அதற்குள் பிள்ளைக்கு நாலு மாதம் தாண்டிவிடும். அப்புறம் உன் மச்சான் கல்யாணம் வரும், அப்புறம் கிறிஸ்துமஸ் வரும். பெல்ட்டுக்கென்று நல்ல நாள் பார்த்துக்கொண்டிருப்பாய். பிள்ளைக்கு வெந்நீர் ஊற்ற வருகிற அம்மா காலை உருவினால் சரியாகிவிடும், நடக்க ஆரம்பித்தால் தானாகச் சேர்ந்துவிடும் என்று சொல்ல ஆயிரம் பேர் வருவார்கள். சேராதுடா. இந்தா, சேராத இடுப்பு ஒன்று உட்கார்ந்து உனக்குக் கடிதம் எழுதுகிறது. ஆறு மாதம் தாண்டினால் மயக்கம் கொடுத்து இடுப்பிலிருந்து கால் வரை மாவுக்கட்டு. நடந்த பிறகு என்றால் கத்தி. பெல்ட்டோடு ஞானத்தாய் கையில் பிள்ளை இருந்தால் சாமியார் தண்ணீர் ஊற்ற மாட்டேன் என்றா சொல்லப்போகிறார்? ஞானஸ்நானம் தலைக்குத்தானே? இடுப்பை யார் கேட்டார்கள்?

நீ கெட்டவன் இல்லை, பயந்தவன். பெல்ட்டைக் கடையில் வாங்கி, ரிப்போர்ட்டை மடிப்புக் கலையாமல் வைத்திருக்கிறாய். வாங்கத் தெரிந்தவனுக்குப் பிரிக்கத் தைரியம் வரவில்லை. உன் மாமனார் வீட்டில் தலை குனிய வேண்டும் என்று பயம். தலை குனிய வேண்டியவள் நான், நீ இல்லை. ஒன்று சொல்கிறேன், வாழ்க்கை பூராவும் வைத்துக்கொள். பெண்டாட்டியிடம் மறைத்து ஒரு காரியத்தைப் பண்ணுகிறோம் என்றால், அந்தக் காரியத்தில் நமக்கே நம்பிக்கை இல்லை என்று அர்த்தம். நாளைக்கு உன் மகள் சாய்ந்து நடந்து வந்து, "ஏம்ப்பா, அப்பவே தெரியுமாமே" என்று கேட்டால் எந்த ஜீப்பைக் காட்டுவாய்?

எத்தனையோ தபாலுக்கு முத்திரை குத்தினவள், இந்த ஒன்றைத் தபாலில் போடப்போவதில்லை. உறைக்குள் போட்டு ஒட்டப்போவதும் இல்லை. நாளைக்குக் காலை லோயர் கேம்ப்பிலிருந்து வருகிற முதல் பஸ்ஸில் ஏறி, நீ ஆபீஸுக்குக் கிளம்பின பிறகு அல்லிநகரத்தில் இறங்குவேன். இதை உன் கையில் கொடுத்தால் பாதியில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வாய். ரோஸ்லின் கையில் கொடுக்கப் போகிறேன். உன் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். "ரெண்டு பேருமா போவோம், நானும்தான அந்த ஜீப்புல ஏறிக்கிட்டேன்" என்றார்.

ரோஸ்லின், இதுவரைக்கும் வாசித்துவிட்டாயா ஆத்தா? நான் உன் எதிரில்தான் உட்கார்ந்திருப்பேன். பிள்ளைக்கு வலியில்லை, பயப்படாதே, இன்னும் நேரம் இருக்கிறது, ஆனால் வீணாக்க நேரம் இல்லை. உன் அம்மாவுக்கு நானே போன் போட்டு, எந்த ஜீப்பும் கவிழவில்லை மதினி என்று சொல்கிறேன். அவர்கள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். இப்போது நீ பிள்ளையைத் தூக்கிக்கொள், டாக்டரிடம் போவோம், பெல்ட் பையை நான் எடுத்து வருகிறேன், மாமா ஆட்டோ கூப்பிடப் போயிருப்பார். என் மகனையும் என்னையும் நீ எப்படித் திட்டினாலும் தகும். திட்டு ஆத்தா, வாய் வலிக்கத் திட்டு, ஆனால் ஆட்டோவில் ஏறிய பிறகு திட்டு.

அம்மா